சும்மா பார்த்துவிட்டு வரப் போனோம்

பயணம் என்பது எமது பெண்களுக்குப் புதிதல்ல. இந்த முப்பது நாற்பது வருடங்களில் நாம் போகாத பயணமா? வெடிச் சத்தம் கேட்டதும் பிள்ளையை இடுப்பிலும் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடியிருக்கிறோம். பாடசாலைக் கட்டடங்களில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். முகாம் வாசல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் கச்சேரிக்கும் அலைந்திருக்கிறோம். பிழைப்புத் தேடி அரபு நாடுகளுக்கும் போயிருக்கிறோம். ஆனால், "எங்கே போய் வருகிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், "சும்மா பார்த்துவிட்டு வரப் போனோம்" என்று பதில் சொல்லக்கூடிய ஒரு பயணம் எம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் அப்படி ஒரு பயணம் போய் வந்தோம். நற்பிட்டிமுனையிலிருந்து எட்டுப் பெண்கள். கரையோரமாகத் தெற்கே பொத்துவில், அறுகம்பே, பாணமை தாண்டி உகந்தை வரை போய், அன்று இரவே வீடு திரும்பினோம். பெரிய சாதனை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகளும் இப்படிப் போய் வரலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எப்படித் தொடங்கியது?

எமது ஊர் கல்முனை நகருக்கு மேற்கே வயல் பக்கமாக உள்ளது. முஸ்லிம்களும் தமிழர்களும் அருகருகே வாழும் ஊர். கிழக்கே போய் நகரைக் கடந்தால் கடல். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். நாங்கள் எட்டுப் பேரும் ஒரு சிறுசேமிப்புக் குழுவாக இருக்கிறோம். நாலு பேர் முஸ்லிம், நாலு பேர் தமிழ். ஐந்து பேருக்குக் கணவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எமது வீட்டு விறாந்தையில் கூடிக் காசு சேர்ப்போம்.

ஒரு ஞாயிறு, இத்தாலியில் வேலை செய்யும் தன் மருமகன் அனுப்பிய படங்களைக் குழுவில் ஒருவர் போனில் காட்டினார். அமால்பி என்ற கரையோரம். மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக வீடுகள். பாறையைக் குடைந்து போட்ட ஒடுக்கமான வீதி. 1997இல் யுனெஸ்கோ அந்தக் கரையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலுமிருந்து சனம் வருகிறது.

"எங்கட அறுகம்பேக்கும் வெள்ளைக்காரர் வாறாங்கதானே. நம்மள்ல ஆர் அதைப் பார்த்திருக்கம்?" என்று கேட்டார் மூத்த அக்கா.

எண்ணிப் பார்த்தோம். எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். ஒருவர் செத்த வீட்டுக்கு, மற்றவர் சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொருள் கொண்டு. கல்முனையிலிருந்து பொத்துவில் சுமார் 70 கிலோமீற்றர்தான். விமானம் ஏறி வருபவர்கள் பார்க்கும் கடலை, பஸ்ஸில் போகக்கூடிய நாங்கள் பார்த்ததில்லை.

அன்று முதல் வழமையான சேமிப்போடு வாரம் 100 ரூபா மேலதிகமாகப் போட்டோம். முப்பத்தைந்து வாரத்தில் 28,000 ரூபா சேர்ந்தது. வேனுக்கு எரிபொருளோடு 22,000. மீதி தேநீருக்கும் பழத்துக்கும்.

காசு சேர்ப்பது இலேசாக இருந்தது. வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். "கடன் கட்ட வேண்டிய காசில் ஊர் சுற்றப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "ஆம்பிளைத் துணை இல்லாமலா?" என்றார்கள். கணவரை இழந்த பெண் சிரித்துக்கொண்டு வேனில் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்றும் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் பொலிஸுக்கும் தனியே போகும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை என்பதை நாங்கள் எடுத்துச் சொன்னோம். வேன் ஓட்டுபவர் எமது ஊர்த் தம்பி. போகும் இடங்களையும் திரும்பும் நேரத்தையும் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தோம். ஒருவருடைய மாமியார் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் புறப்படும்போது ஒரு பை நிறைய வறுத்த கச்சான் கொண்டுவந்து வேனுக்குள் வைத்தார்.

தெரிந்த வீதியில் தெரியாத ஊர்கள்

சுபஹு தொழுகை முடிந்து, வெளிச்சம் வரும் நேரம் புறப்பட்டோம். எட்டுப் பேரோடு மூத்த அக்காவின் பேத்தியும் வந்தாள். பதின்மூன்று வயது.

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலடியில் முதலில் நின்றோம். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பேரில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கும் இடம். கரைவலை இழுப்பவர்கள் அப்போதுதான் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். நாங்கள் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாய்ந்தமருதைக் கடக்கும்போது நான் கடல் பக்கம் பார்க்கவில்லை. என் தங்கச்சி கலியாணம் முடித்துப் போன இடம் அது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவளைக் கடல் கொண்டு போயிற்று. அந்த ஒரு காலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் ஆக அதிகமான உயிர்கள் போன மாவட்டம் எங்களுடையதே. பல கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள். பெண்கள் அந்நேரம் வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. உடுத்திருந்த உடை நனைந்து காலைச் சுற்றியது. மரம் ஏறவோ நீந்தவோ அவர்களுக்கு ஒருவரும் பழக்கியிருக்கவில்லை. இருபது வருடமாக நான் கடலில் கால் வைத்ததில்லை.

காரைதீவு சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். 1892இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழரின் யாழைப் பற்றி ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டு அவர் காலமானார். இதையெல்லாம் பேத்திதான் பாடப் புத்தகத்தில் படித்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நிந்தவூர் கடந்து ஒலுவிலில் இறங்கினோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். யுத்தத்தால் படிப்பு நின்ற எமது பகுதிப் பிள்ளைகளுக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. எங்களில் ஒருவரின் மகள் அங்கு படித்துத்தான் இன்று ஆசிரியையாக இருக்கிறாள். ஒலுவிலில் ஒரு துறைமுகமும் இருக்கிறது. டென்மார்க் நாட்டுக் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்தார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருப்பது. கடலுக்குள் போட்ட கல்லணை அதை மறித்துவிட்டது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது. வடக்கே கடல் கரையை அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் விழுங்கியது. சாய்ந்து கிடந்த தென்னை மரங்களைக் கண்டோம். கடலும் கரையும் எப்படி வேலை செய்கின்றன என்பதை இப்படிக் கண்ணால் பார்த்துப் பேசியது எங்களுக்கு அதுவே முதல் தடவை.

அக்கரைப்பற்றில் ஒரு மர நிழலில் வேனை நிறுத்தி, கொண்டுவந்த இடியப்பத்தையும் மாசிச் சம்பலையும் சாப்பிட்டோம்.

அக்கா சொன்ன கண்ணகி

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலடியில் மூத்த அக்கா இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தார். "எங்கட அம்மாளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்று எங்களிடம் கேட்டார். கோவலன் கதை கொஞ்சம் தெரியும் என்றோம். அவர் மற்றதைச் சொன்னார்.

"புருஷனை அநியாயமாக் கொன்ற ராசாட்ட நியாயம் கேட்டுப் போனவ. அந்தக் கோபம் ஆறாம இந்தக் கரையால வந்தவ எண்டுதான் எங்கட ஆக்கள் நம்புற. வைகாசியில கதவு திறந்து சடங்கு செய்து, கடைசி நாள் குளிர்த்தி பாடுவாங்க. ஒரு பொம்புளைர கோபத்த ஆத்திறதுக்கு ஊரே கூடி நிக்கும்."

காரைதீவிலும் கண்ணகி, தம்பிலுவிலிலும் கண்ணகி. இன்னும் தெற்கே பாணமையில் சிங்கள மக்கள் அவளையே பத்தினி தெய்வம் என்று வழிபடுகிறார்கள். தமிழர்கள் கொம்புமுறி என்று விளையாடியதை அங்கு அங்கெலிய என்று விளையாடுகிறார்கள். பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெருந்தொகையான சனம் கூடும் கரை. நாங்கள் போனபோது திருவிழா முடிந்து கரை வெறுமையாக இருந்தது. நாய்கள் மூன்று, காகங்கள், காயப்போட்ட வலை. அவ்வளவுதான். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

சங்கமன்கண்டியில் ஒரு தேநீர்

தாண்டியடிக்கு அப்பால் வீதி தனிமையாகிறது. ஒரு பக்கம் பற்றைக்காடு. மறுபக்கம் இடைக்கிடை கடல் தெரியும். சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் ஆகக் கிழக்கான இடம். நாட்டில் சூரியன் முதலில் தொடும் நிலம் என்று பேத்திக்குச் சொன்னோம். 2020 செப்டெம்பரில் இந்த முனைக்கு நேரே ஆழ்கடலில்தான் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன 'நியூ டயமண்ட்' கப்பல் தீப்பிடித்தது. அந்த எண்ணெய் முழுவதும் கடலில் கலந்திருந்தால் எமது மீனவரின் கதி என்னவாகியிருக்கும் என்று பேசிக்கொண்டு போனோம்.

அந்தப் பகுதியில் ஓரிடத்தில் மூத்த அக்கா வேனை நிறுத்தச் சொன்னார்.

அவருடைய கணவர் 1990இல் அறுவடை வேலைக்குப் பொத்துவில் பக்கம் போனவர். திரும்பி வரவில்லை. அவர் போன பஸ் இந்த வீதியில் எங்கோ மறிக்கப்பட்டது என்பதற்கு மேல் அக்காவுக்கு எதுவும் தெரியாது. அன்றிலிருந்து அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் படம், அடையாள அட்டைப் பிரதி, முறைப்பாட்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். முகாம்களுக்குக் கொண்டு போனார். 2013இல் நியமிக்கப்பட்ட காணாமல் போனோர் பற்றிய ஆணைக்குழுவுக்குக் கொண்டு போனார். 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொண்டு போனார். அன்றும் அந்தப் பை அவர் மடியில் இருந்தது. "இண்டைக்கு எதுக்கு அம்மா?" என்று மகன் கேட்டதற்கு, "இது இல்லாம நான் எங்கயும் போனதில்லையே மனே" என்று சொல்லி எடுத்து வந்திருந்தார்.

1990 எங்கள் இரண்டு சமூகங்களும் ஒன்றைக் கண்டு ஒன்று பயந்த வருடம். அந்த ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் தெருவிலும் பேச்சு நின்றது. பல வருடங்கள் கழித்து, அக்கா பேத்தியின் சட்டையைத் தைக்கத் துணியோடு என் வாசலுக்கு வந்தபோதுதான் அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. 2021 பெப்ரவரியில் பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரையான நடைபேரணி கல்முனையைக் கடந்தபோது அக்காவும் நானும் ஒன்றாக நடந்தோம். அவர் காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்காக நடந்தார். கொரோனாவில் இறந்த எமது ஜனாஸாக்களை எரிக்காதீர்கள் என்பதற்காக நான் நடந்தேன்.

வீதியோரக் கடை ஒன்றில் பிளேன்டி வாங்கினோம். அக்கா கடல் பக்கம் பார்த்தபடி குடித்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? தேநீர் முடிந்ததும், "இந்த இடத்துக்கு வர ஒருநாளும் மனம் வரல்ல. இப்ப வந்திட்டன். இனிப் போவம்" என்றார். பையை வேனின் முன் ஆசனத்துக்குக் கீழே வைத்தார். வீடு வந்து சேரும்வரை அதை எடுக்கவில்லை.

உகந்தைப் பாறையில்

கோமாரி, பொத்துவில் கடந்து அறுகம்பேப் பாலத்தில் ஏறினோம். பழைய பாலம் சுனாமியில் சேதமடைந்தது. அமெரிக்க உதவியோடு கட்டிய இப்போதைய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் கண்டல் மரங்கள் சூழ்ந்த களப்பு, மறுபக்கம் கடல். திரும்பும்போது பார்ப்போம் என்று அறுகம்பேயில் நிற்காமல் பாணமைக்கு விட்டோம். தமிழும் சிங்களமும் கலந்து கலியாணம் செய்து வாழும் ஊர் பாணமை. அங்கே கடையில் தயிர்ச் சட்டி விற்ற அம்மா சிங்களத்தில் விலை சொல்லி, தமிழில் "பார்த்துப் போங்க, யானை நிக்கும்" என்றார்.

உகந்தை முருகன் கோயில் கடலோரப் பாறைகளுக்கு நடுவே இருக்கிறது. பாறைக்கு மேலே வள்ளி அம்மன், பக்கத்தில் மழைநீர் தேங்கும் சுனைகள். முருகன் தோணியில் வந்து இறங்கிய இடம் என்றும், அந்தத் தோணிதான் கரையில் கல்லாகக் கிடக்கிறது என்றும் சொல்வார்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் இங்கிருந்துதான் காட்டுக்குள் நுழைவார்கள். இதற்கு அப்பால் குமண தேசிய பூங்கா. யுத்தம் காரணமாக 1985இல் மூடப்பட்டு 2003இல் திறக்கப்பட்ட காடு அது. பறவைகளுக்குப் பெயர் போன இடம். உள்ளே போக எங்களிடம் காசு போதாது. வாசலைப் பார்த்தோம்.

கோயில் எல்லை என்பதால் எல்லோரும் மரக்கறிச் சோறே கட்டி வந்திருந்தோம். தமிழ்ச் சகோதரிகள் கும்பிட்டு வந்தார்கள். லுஹர் நேரமானதும் ஒரு மர நிழலில் நாங்கள் பாய் விரித்துத் தொழுதோம். உளு எடுக்க வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தந்தவர் மூத்த அக்கா.

சாப்பாட்டுக்குப் பிறகு பாறையில் ஏறினோம். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல், நடுவே வெறும் மணல். எங்களில் ஒரு ராத்தா ஜித்தாவில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்தவர். ஜித்தா செங்கடல் ஓரத்துப் பட்டணம். அந்தப் பதினொரு வருடத்தில் இரண்டு தரம்தான் கடலைக் கண்டாராம், அதுவும் காரின் பின் ஆசனத்தில் முதலாளியின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. "கடல் தாண்டித்தான் போன, கடலத்தான் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடத் தொடங்கினார். ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அவரும் சிரித்தார். பார்க்க அங்கு ஊர் இருக்கவில்லை.

அலையில் ஏறும் பெண்கள்

பாணமை வீதியில் பொழுதுபட யானை வரும் என்பதால் இரண்டு மணிக்கே திரும்பினோம். அறுகம்பேயில் மூன்று மணிக்கு இறங்கினோம்.

சித்திரை முதல் புரட்டாதி வரை இங்கே அலைச்சறுக்குக் காலம். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். ஆனால் இந்த ஊரின் பெண்கள் அந்தக் கடலைப் பல காலம் கரையிலிருந்தே பார்த்தார்கள். பலகையில் ஏறுவது ஆண்களின் வேலை, வெயிலில் கறுத்தால் மாப்பிள்ளை கிடைக்காது, வீட்டு வேலை யார் செய்வது என்றெல்லாம் தடைகள். அதை மீறி முதலில் இறங்கியவர்களில் ஒருவர் ஷமாலி சஞ்சய. அவரும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து 2018இல் அறுகம்பே பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். இலங்கையில் பெண்களுக்கென்று தொடங்கிய முதலாவது அலைச்சறுக்குக் கழகம் அது. கழகத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரும் இருக்கிறார்கள்.

நாங்கள் போன நேரம் அலை சிறிதாக உடையும் பக்கத்தில் இளம் பெண்கள் சிலர் பழகிக்கொண்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை. ஒருத்தி விழுந்தாள், எழும்பினாள், மறுபடி விழுந்தாள். பேத்தி கண் வெட்டாமல் பார்த்தாள். பிறகு தன் அம்மம்மாவிடம், "எனக்கு இது வேணாம். ஆனா நீந்தப் பழகணும்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தங்கச்சியை நினைத்தேன்.

அந்தப் பின்னேரம் நான் கடலில் கால் வைத்தேன். கணுக்கால் வரைதான். ராத்தாவும் அக்காவும் இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள். கடலோடு எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் தங்கச்சியைத் திருப்பித் தரப்போவதில்லை அது. ஆனால் பயந்து பயந்து பார்க்காமல் விட்ட கடலை, இனி முகத்துக்கு நேரே பார்க்கலாம் என்று பட்டது. கச்சான் காற்று கரையிலிருந்து வீச, வெயில் தாழும் வரை நின்றோம். ஏழரை மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

நீங்களும் போவதாயின்

எங்கள் அனுபவத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன்.

சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் போங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலம். கிழக்குக் கடல் கொந்தளிக்கும், மழை பெய்யும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பாணமை, உகந்தைப் பக்கம் போனால் இருட்டுமுன் திரும்புங்கள். களப்புகளில் முதலை உண்டு, இறங்க வேண்டாம்.

பெண்கள் பயணத்தைத் தவிர்ப்பதற்கு மலசலகூடமும் ஒரு காரணம். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. எரிபொருள் நிலையங்களிலும் பள்ளிவாசல், கோயில்களிலும் கேட்டோம். ஒருவரும் மறுக்கவில்லை. எங்கெங்கே நிற்பது என்று முன்கூட்டியே தீர்மானித்தால் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்கத் தவிக்கத் தேவையில்லை.

கடலில் இறங்குமுன் அந்த ஊராரிடம் கேளுங்கள். முகத்துவாரங்களில் குளிக்கவே வேண்டாம். தண்ணீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும். இலவச அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பெண்களுக்கான உதவி 1938. இந்த மூன்று இலக்கங்களையும் போனில் பதிந்து வையுங்கள்.

தூரம் போக வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்கள் ஊர்க் கடற்கரைக்கு, குளக்கட்டுக்கு, பக்கத்து ஊர்க் கோயில் வீதிக்கு, பள்ளிவாசல் முற்றத்துக்கு நாலு பேர் சேர்ந்து போய் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வாருங்கள். கூடவே மற்றச் சமூகத்துச் சகோதரி ஒருவரையும் அழையுங்கள்.

ஒரு நாள் பயணம் காணாமல் போனவரைக் கொண்டுவராது. கடனைக் கட்டாது. அக்கா அடுத்த திங்களே அந்தப் பையோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை போகத்தான் செய்வார், போகத்தான் வேண்டும். ஆனால் துக்கம் இருக்கிறவள் சிரிக்கக் கூடாது, நியாயம் கேட்கிறவள் கடலைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்களை வருத்திய காலம் எங்கள் வீடுகளையும் உறவுகளையும் எடுத்தது. இந்த நீளக் கரையையும் எங்களிடமிருந்து எடுத்து வைத்திருந்தது. அதையாவது நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

எமது குழு இப்போது இரண்டாவது பயணத்துக்கு வாரம் 150 ரூபா சேர்க்கிறது. கச்சான் தந்த மாமியாரும் சேர்ந்துவிட்டார். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க, பெண் ஆசிரியை ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.